கசந்தது உப்பு, பழி அண்ணிக்கு

போன வருஷம் எங்கள் உப்பளத்தில் உப்பு கசந்தது. காரணம் என் அண்ணிதான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஏறிய கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

மரக்காணத்தில் எங்கள் பக்கத்து அளங்களில் ஒரு வழக்கம். சீசனின் முதல் உப்பு வாரலுக்குப் பாத்தியில் இறங்கி வாருபலகை பிடிக்கிற பொம்பளைக்குக் கழுத்தில் தாலி இருக்க வேண்டும். சூடம் கொளுத்துகிற வீடோ மெழுகுவத்தி ஏற்றுகிற வீடோ, இதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. அன்று வரவேண்டியவளுக்குக் காய்ச்சல். அண்ணி பலகையை எடுத்து வாரிவிட்டார். அண்ணன் இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

வியாபாரி உப்பை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டுப் போனதும், அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த குத்தகைக்காரர் அண்ணியை வேலைக்கு வரவேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வேலையால்தான்.

நான் பாண்டிச்சேரியில் பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி. நேராகப் போய்ச் சண்டை போட்டேன். அண்ணியை வைத்தே நல்ல உப்பு எடுத்துக் காட்டுகிறேன், ஓரத்துப் பாத்தி கொடுங்கள் என்றேன்.

"ஏம்பா பி.எஸ்ஸி, அதுவும் கசந்துதுன்னா?"

"நான் படிப்ப வுட்டுட்டு உங்ககிட்டயே கூலிக்கு வர்றேன்."

சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

பாத்தியின் தரை சரியாக மிதிபடவில்லை, சேறு கலந்துதான் கசக்கிறது என்பது என் முதல் யோசனை. நானே இறங்கி மிதித்துக் கெட்டியாக்கினேன். உப்பு வெள்ளையாக வந்தது. வாயில் வைத்தால் அதே கசப்பு. வரப்பில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அண்ணிகூடச் சிரித்தார்.

"அவ்ளோதானா உன் படிப்பு?"

"சேறு இல்லன்னு தெரிஞ்சுதுல்ல அண்ணி. இனிமே வேற எதுன்னு பாக்கலாம்."

வீறாப்புக்குச் சொல்லவில்லை. விஞ்ஞானம் நகர்வதே அப்படித்தான். ஒன்றை நினைப்பது, செய்து பார்ப்பது, தப்பென்றால் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பது. அண்ணிமேல் பழி போட்டவர்கள் எதையாவது செய்து பார்த்தார்களா? ஒரு பாத்தி? ஒரு பிடி உப்பு?

காலேஜில் வாத்தியாரைக் கேட்டேன். இது பரீட்சைக்கு வராது என்றார். அவர்மேலும் கோபம்தான். கடைசியில் புத்தகத்தில் கிடைத்தது. கடல் தண்ணீர் காயும்போது நாம் சாப்பிடும் உப்பு முந்திப் படிந்துவிடும். கசக்கிற உப்புகள் மிச்சத் தண்ணீரிலேயே நிற்கும். எங்கள் ஆட்களோ அந்த சீசனில் மிச்சத்தை வடிக்காமல், வெயிலில் காய்ந்து கெட்டியான தண்ணீர் வீணாகக் கூடாது என்று அதன்மேலேயே புதுத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி கேட்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி வாங்கினேன். ஒரே வாய்க்கால் தண்ணீர். ஒன்றில் பழைய தண்ணீரை முழுக்க வடித்தேன், இன்னொன்றைத் தொடவில்லை. இரண்டையும் வாரியது அண்ணி. வேறு யாரையும் விடவில்லை.

குத்தகைக்காரர் இரண்டையும் நாக்கில் வைத்தார். வடிக்காததைத் துப்பினார். வடித்ததை இன்னொரு கல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் அளம் முழுக்கப் பழைய தண்ணீரை வடித்தார்கள். அண்ணிக்கும் வேலை திரும்பக் கிடைத்தது.

நான் கெலித்த மிதப்பில் திரிந்தேன். இந்த வருஷம் முதல் வாரலுக்கு முந்தின நாள் குத்தகைக்காரர் வீட்டுக்கு வந்தார். அண்ணி நாளைக்கு மட்டும் வரவேண்டாம், மறுநாளிலிருந்து வரட்டும் என்றார்.

"ரெண்டு பாத்தியும் அண்ணி வாருனதுதானே? ஒன்னு கசந்துது, ஒன்னு கசக்கல. அப்போ கையில என்னா இருக்குது?"

"அது வேற, இது வேறப்பா."

என்ன வேறு? உப்பு விலைபோக வேண்டுமென்றால் விஞ்ஞானம் வேண்டும். அதே விஞ்ஞானம் ஒருத்திமேல் பழி இல்லை என்று சொன்னால் வேண்டாம். பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மறுநாள் விடியற்காலையில் அண்ணி பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்றேன்.

"நீ கேட்டதுக்கு அவரு பதில் சொல்லலல்ல? நான் போய்க் கேக்கறேன். நீயும் வா."

செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினேன்.