கைப்பைக்குள் ஒரு ஞானஸ்நானம்

லூர்து மாதா தண்ணீரை நான் கொதிக்க வைத்தேன். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் சமையலறையில், முட்டை அவிக்கும் சின்னச் சட்டியில் ஊற்றி, குமிழ் வரும்வரை பக்கத்திலேயே நின்றேன். ஆறிய பிறகு, கழுவிக் காயவைத்த ஒரு மருந்துப் போத்தலில் நிரப்பி, மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டினேன். போத்தலைக் கைப்பையின் உள் அறையில், செபமாலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அடுத்த வாரம் என் கணவருக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருப்பார்கள் என்றும், கிருமி விஷயத்தில் அங்கே கடும் கட்டுப்பாடு என்றும் டொக்டர் சொல்லியிருந்தார். கட்டுப்பாட்டை மீறக் கூடாது, தண்ணீரும் போய்ச் சேர வேண்டும். கொதித்ததில் ஆசீர்வாதம் ஆவியாகிப் போயிருக்குமோ என்ற பயம் மூடியை இறுக்கிய பிறகுதான் வந்தது.

இது 2000களின் நடுப்பகுதி, ஒரு குளிர்காலம். நான் தினமும் குறிப்பு எழுதுகிறவள். முதலில் வானிலை, பிறகு வேலை, பிறகு மற்றவை. அந்த வாரத்துப் பக்கங்களில் வானிலை மட்டுமே இருக்கிறது. மற்றதை நினைவிலிருந்துதான் எழுதுகிறேன்.

என் கணவர் சைவர். நான் யாழ்ப்பாணத்துக் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்துக்கு ஆயரிடம் விசேஷ அனுமதி வாங்கினோம். அதன்பிறகு அவர் தன் சாமியறையைக் கும்பிட்டார், நான் என் கோயிலுக்குப் போனேன். ஜேர்மனியின் வடமேற்கிலுள்ள கெவலார் மாதா கோயில் திருநாளுக்கு வருஷா வருஷம் காரோட்டி என்னைக் கூட்டிப்போனவரும் அவர்தான். பூசை முடியும்வரை வெளியே மரவாங்கில் உட்கார்ந்து றோல்ஸ் சாப்பிடுவார். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, அவருடைய இதயத்தில் அடைப்பு என்று சொல்லும்வரை.

சொன்ன அன்றே சின்ன வயது ஞானோபதேச வகுப்பின் சுவர்ப்படம் எனக்குத் திரும்பி வந்தது. கீழே நெருப்பு, மேலே வெளிச்சம், நடுவில் ஏணி. ஏணியின் முதற்படியில் ஞானஸ்நானம் என்று எழுதியிருந்தது. இப்போது திருச்சபை அப்படிக் கற்பிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பயம் வந்தால் அறுபதுகளில் பார்த்த படம்தான் வருகிறது, பிறகு வாசித்தவை வருவதில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் இல்லாத ஒரு வீட்டைக் கஷ்டப்பட்டாவது நினைத்துப் பார்க்க முடிந்தது. அவர் இல்லாத ஒரு நித்தியத்தை என்னால் நினைக்கவே முடியவில்லை.

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு மதியம் ஸ்பானிய மொழியில் பூசை. மாதத்துக்கு ஒருமுறை பின்னேரம் தமிழில். சனிக்கிழமைகளில் கோயிலைத் துப்புரவாக்கும் முறை மட்டும் மொழி பார்க்காமல் வரும். அந்தச் சனிக்கிழமை என்னோடு இரண்டு பேர். ஒருவர் இளவயதில் தொழிற்சாலை வேலைக்கு இங்கே வந்து, ஓய்வுபெற்ற ஸ்பானிய அக்கா. மற்றவர் என் வயதுள்ள மெக்சிக்கப் பெண், ஒரு ஜேர்மன்காரரைக் கல்யாணம் செய்தவர். அவர் பிறந்த மலைக் கிராமத்தில், ஸ்பானியர் வருவதற்கு முன் அஸ்டெக் மக்கள் பேசிய மொழியை இன்னும் வீட்டில் பேசுகிறார்கள். மூவருக்கும் பொதுவானது டொச் என்கிற ஜேர்மன் மொழி, அதுவும் இரவல். நாங்கள் பேசியதை இங்கே எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். அவர்களுடைய குரல் எனக்குள் அப்படித்தான் கேட்கிறது.

மெழுகுதிரித் தண்டுகளில் வழிந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். தண்ணீரைக் கொதிக்க வைத்ததையும் சொன்னேன்.

ஸ்பானிய அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உப்பும் போட்டனீரோ? சூப்பாவது குடிச்சிருக்கலாம்."

"பகிடி விடாதேங்கோ அக்கா."

"பைப் தண்ணியே போதும். அவசரத்துக்கு ஆரும் குடுக்கலாம். பேரைச் சொல்லி, பிதா சுதன் சொல்லி, தலையில ஊத்தும். அவ்வளவுதான்."

"அவர் ஓம் எண்டு சொல்லேல்லையே."

"தண்ணியில தாழுறவனிட்ட ஓம் கேட்டுக்கொண்டோ நிப்பீர்? இழுத்துப் போடும். கோவிச்சா பிறகு கோவிக்கட்டும்."

பிறகு அவருடைய முகம் மாறியது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவருக்கு மாதம் முந்திப் பிறந்த ஒரு மகன். பாதிரியார் வந்து சேர நேரம் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கைகழுவும் தொட்டியில் உள்ளங்கையால் தண்ணீர் அள்ளி அவரே ஊற்றினார். அன்றைக்கே பிள்ளை போய்விட்டது.

"அந்தக் கைத் தண்ணியை நம்பித்தான் நான் இவ்வளவு காலமும் நித்திரை கொள்ளுறன்" என்றார். "அவன் எங்க நிக்கிறான் எண்டு எனக்குத் தெரியும். உமக்கும் தெரிய வேணும்."

மெக்சிக்கப் பெண் தலையை நிமிர்த்தாமல் பேசினார். "எங்கட ஆக்களையும் அப்பிடித்தான் இழுத்துப் போட்டவை."

"இழுக்காட்டி நீர் இண்டைக்கு இந்தக் கோயில்ல நிண்டு மெழுகு சுரண்டுவீரோ?"

"மாட்டன் அக்கா. நன்றி இல்லையெண்டு நான் சொல்லேல்லை." அவர் தண்டைத் திருப்பிப் பிடித்தார். "ஆனா எங்கட ஊரில ஒரு கதை சொல்லுவினம். பாதிரிமார் வந்த காலத்தில சனம் வரிசையில நிண்டதாம். ஒருதரை ஒருதர் தள்ளிக்கொண்டு. ஆம்பிளையள் வரிசைக்கு ஒரு பேர், பொம்பிளையள் வரிசைக்கு ஒரு பேர். காலமை வந்த எல்லாரும் ஒரே பேரோட வீட்ட போனவையாம். நீ ஆர் எண்டு ஒருதரையும் கேக்கேல்லை."

"அப்ப ஏன் சனம் போய் நிண்டது?" என்று கேட்டேன்.

"தண்ணி எங்களுக்குப் புதுசில்லை. அதுக்கு முன்னமே பிள்ளை பிறந்தா மருத்துவிச்சி தண்ணி வாத்து, நல்ல வாழ்க்கை கிடைக்க வேணும் எண்டு மந்திரம் சொல்லுறவ. இவையும் தண்ணியோட வந்தவுடன, தெரிஞ்ச விசயம் எண்டு நினைச்சிருப்பினம். கொள்ளை நோயில ஊரே செத்துக்கொண்டிருந்த நேரம். பிடிக்கிறதுக்கு ஒண்டு வேணும்தானே."

ஸ்பானிய அக்கா மெல்ல, எனக்குச் சொல்வதுபோல் சொன்னார். "அந்தப் பாதிரிமாருக்கும் பயம். நெருப்பெண்டு உண்மையா நம்பினவை. கை தூக்க ஏலாமப் போகுமட்டும் ஊத்தினவையாம்."

"ஓம். அதையும் எங்கட ஊரில சொல்லுவினம்." மெக்சிக்கப் பெண் சுரண்டிய மெழுகை உள்ளங்கையில் சேர்த்தார். "நான் என்ர பிள்ளையளுக்கு ஞானஸ்நானம் குடுத்தனான். ஆனா பாதிரிமாரின்ர கப்பல் வாறதுக்கு முதல்நாள் செத்தவை? அவையும் என்ர ஆக்கள்தானே. கார்த்திகை மாசம் செத்தவைக்கு மெழுகுதிரி கொளுத்தேக்க, பேர் தெரிஞ்ச எல்லாரையும் கூப்பிடுவன். கடைசியா ஒண்டு, பேர் தெரியாத ஆக்களுக்கு. கப்பல் வரமுதலே கடவுள் அங்க நிண்டவர் எண்டுதான் நான் நம்புறன். பாதிரிமாருக்குத்தான் வழி தூரம்."

"நம்புறீர். தெரியுமோ?" என்றார் ஸ்பானிய அக்கா.

"தெரியாது."

அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. தெரியும் என்று சொன்னவரிடம் இறந்த ஒரு குழந்தை இருந்தது. தெரியாது என்று சொன்னவரிடம் ஒரு நாட்டு மக்களே இருந்தார்கள். என் கைப்பையில் ஒரு மருந்துப் போத்தல் இருந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு முந்திய பின்னேரம் ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். துவாய், சவரப் பொருள்கள், மேல்சட்டைகள் எல்லாவற்றையும் அலுமாரியில் ஒழுங்காக அடுக்கி முடித்துவிட்டேன். அடுக்க இனி ஒன்றும் இல்லை.

"இஞ்சாருங்கோ, ஒரு விசயம்."

"தண்ணி விசயமோ?" என்றார்.

நான் திடுக்கிட்டுப் போனேன்.

"முட்டைச் சட்டியில தண்ணி கொதிச்சுது. முட்டையைக் காணேல்லை. எனக்கு விளங்காதே?" அவர் தலையணையை நிமிர்த்திக்கொண்டார். "என்னப்பா, இஞ்ச அகதியா அசூல் கேட்டு, பேப்பர் கிடைக்குமட்டும் எத்தினை கந்தோர்ப் படி ஏறினனான். அங்கயும் போய் வரிசையில நிக்கச் சொல்லுறீரோ?"

"எனக்குப் பயமாக் கிடக்கு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "பயத்தில நான் வாசல் மாறினா, அந்த வாசல்ல இருக்கிறவர் என்னை மதிப்பாரோ? உம்மட கடவுளை நான் குறைச்சுச் சொல்லேல்லை. நித்திரையில கிடக்கேக்க மட்டும் ஒண்டும் செய்யாதையும். எழும்பினாப் பிறகு கேளும்."

எழும்பாவிட்டால்? அந்தக் கேள்வி என் வாய்வரை வந்தது.

சிகிச்சை முடிந்தது என்று மறுநாள் மதியம் சொன்னார்கள். பிறகு உள்ளே இரத்தம் கசிகிறது என்று மறுபடி திறந்தார்கள். அதன்பிறகு மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருப்பதாகவும், இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றும் இளம் பெண் டொக்டர் சொன்னார். அவர் என் கண்ணைப் பார்க்காமல் தன் கையிலிருந்த தாளைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் பின்னேரம் பார்வையாளர் அங்கியைக் கட்டிக்கொண்டு, கையில் கிருமிநாசினி தேய்த்து உள்ளே போனேன். கட்டிலில் கிடந்த முகம் வீங்கியிருந்தது. வாயில் குழாய். அவருடையது என்று எனக்குத் தெரிந்தது காது மட்டும்தான். மூச்சு இயந்திரம் ஒரே அளவில் இழுத்து விட்டது. தாதி அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அங்கிக்குள் மறைத்திருந்த போத்தலை எடுத்தேன். பிளாஸ்டரை உரித்தேன். அது உரிந்த சத்தத்துக்கே யாராவது திரும்புவார்கள் என்று பயந்தேன். ஒருவரும் திரும்பவில்லை. மூடி திறந்தது. நெற்றிக்கு மேலே கை போனது. இனி அவருடைய பெயரைச் சொல்ல வேண்டும்.

அவருடைய பெயரை நான் எத்தனையோ கந்தோர்களில் எழுதியிருக்கிறேன். யாராவது கேட்டால் எழுத்துக்கூட்டிச் சொல்லியும் இருக்கிறேன். அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. எங்கள் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடமாட்டோம். அது தெரியாமல் இல்லை. ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, போத்தலைக் கழுவி, ஒட்டி, எல்லாவற்றையும் யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"இஞ்சாருங்கோ" என்றுதான் வந்தது.

அந்தச் சொல்லுக்கு அவர் எப்போதும் "ம், சொல்லும்" என்பார். அதற்காக நான் நின்றேன். போத்தலைப் பிடித்தபடி, பதில் வரும் என்று நின்றேன். இயந்திரம் இழுத்தது, விட்டது. இன்னொரு தரம் கூப்பிட்டேன். கை நோகத் தொடங்கியது. கை தூக்க ஏலாமல் போகும்வரை ஊற்றினவர்களுடைய நினைவு வந்தது. அவர்களுக்கும் இதே பயம்தான் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் பதிலுக்கு நிற்கவில்லை. எனக்கு மட்டும் பதில் இல்லாமல் ஊற்ற முடியவில்லை.

மூடியைப் பூட்டினேன். மனம் அமைதியானது என்று எழுத முடியாது. படியிறங்கும்போது, அவரை நெருப்பிலே விட்டுவிட்டு வருகிறேன் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. டிராமில் உறைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்து, இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பானிய அக்கா போன் எடுத்தார். "செய்தனீரோ?"

"இல்லை அக்கா."

ஏசுவார் என்று நினைத்தேன்.

"சரி" என்றார். "நான் என்ர மகனிட்டச் சொல்லிவிடுறன். அவன் வாசல்ல பாத்துக்கொண்டு நிப்பான்."

போனை வைத்த பிறகுதான் அழுதேன்.

என் கணவர் அந்த வார இறுதியில் கண் திறந்தார். குழாயை எடுத்த பிறகும் சில நாள் பேச்சு வரவில்லை. நான் உடனே கேட்கவில்லை. அவருக்குச் சீப்பால் தலை இழுத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, அவர் தேத்தண்ணீரில் சீனி காணாது என்று குறை சொன்ன அன்றுதான் கேட்டேன்.

"எழும்பினாப் பிறகு கேளும் எண்டனீங்கள்."

"ம்."

"கேக்கிறன்."

கோப்பையைக் கீழே வைத்தார். "ஏலாதப்பா" என்றார். பிறகு, "கோவமோ?"

"கோவமில்லை. பயம்."

"எனக்கும்தான்." அவருடைய குரல் கரகரத்தது. "நீர் எனக்கு முன்னம் போனா, என்ர சாமி உம்மை எங்க விடுவார் எண்டு நானும் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். இவ்வளவு வரியமும் உமக்குச் சொல்லேல்லை. திருநீறு பூசுமெண்டு கேக்க வெக்கமாக் கிடந்தது."

கோப்பையில் சீனி போட்டுக் கலக்கினேன். இத்தனை வருஷமும் பயந்தது நான் ஒருத்தி என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த முறை துப்புரவாக்கப் போனபோது அவர்கள் இருவரும் எனக்கு முன்னமே வந்து மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எழும்பிவிட்டார் என்றேன். மெக்சிக்கப் பெண் கத்தியோடு என்னைக் கட்டிப் பிடித்தார். "பேர் தெரியாத ஆக்களின்ர மெழுகுதிரியை இந்த மாசமும் கொளுத்தினனான்" என்றார். "உம்மட மனுசனின்ர பேரும் எனக்குத் தெரியாது. நீர் சொன்னதேயில்லை."

ஸ்பானிய அக்கா என் கைப்பையைக் கண்ணால் காட்டினார். "தண்ணி?"

போத்தலை எடுத்துக் காட்டினேன். இன்னும் நிறையத்தான் இருந்தது. என்ன செய்வது, கோயில் பூச்சாடியில் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியை இன்னொருமுறை இறுக்கி, என் கையில் திருப்பித் தந்தார்.

"வையும்" என்றார். "கொதிச்ச தண்ணி பழுதாகாது."