ஃபைனலுக்கு முந்தின நாள்

கள்ளக்குறிச்சியில் நான் படித்த கல்லூரியில் பெண்களுக்குக் கால்பந்து அணி ஆரம்பித்தபோது ஆள் சேர்க்கவே பி.டி. மேடம் திண்டாடினார். அரைக்கால் சட்டை என்றதும் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை. ஆனால் வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லி வைத்திருந்தேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

தியாகதுருகம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பா கரும்பு வெட்டுகிறவர். அவர் வெட்டிய வயல்களில் ஒன்று என் நெருங்கிய தோழியின் அப்பாவுடையது. அவளும் நானும் ஒரே பஸ், ஒரே வகுப்பு, அணியில் இரண்டு பேரும் ஃபார்வர்டு. வசதியான வீட்டுப் பெண் எங்கள் குடிசைக்குள் வந்து உட்கார்ந்து, அம்மா போட்ட கம்பங்களியை என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவாள். என் அப்பாவை "அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். அதில் எனக்கு அத்தனை பெருமை.

லீவில் மேடம் எங்களைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போய் ஏற்றத்தில் ஓட விட்டார். மூச்சு வாங்கி நான் உட்கார்ந்தால் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாள். அந்த வருஷம் யாராலும் எங்களை ஜெயிக்க முடியவில்லை. அவள் பந்தைத் தள்ளுவாள், நான் கோல் அடிப்பேன். செமி ஃபைனல் முடிந்து வேனில் திரும்பும்போது மேடம் சொன்னார், "ஃபைனலுக்கு யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கறவங்க வராங்க. நம்ம காலேஜ்ல ஒருத்தரைத்தான் எடுப்பாங்க." நான் அவள் கையை அழுத்தினேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபைனலுக்கு முந்தின நாள் மத்தியானம், வயலிலிருந்து அப்பா வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் வந்தார். வெட்டுக்கத்தியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"கிளாசுன்னு சொல்லிட்டு, அரைக்கால் சட்டை போட்டுகினு ஆம்பளைங்க முன்னாடி பந்து ஆடறியாமே?"

"யாருப்பா சொன்னது?"

"உன் கூட்டாளிதான். வயலுக்கே வந்து சொல்லிட்டுப் போச்சு. நாளைக்கி வெளியூர் போறீங்களாமே. அந்தப் பாப்பாவுக்கு இருக்கற அக்கறை உனக்கு இல்லியே!"

எனக்கு முதலில் புரியவே இல்லை. வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு கத்தினேன், "அவளும்தாம்பா ஆடறா!"

அப்பா அப்போதுதான் வெட்டுக்கத்தியைக் கூரையில் செருகினார். "அவங்க ஆடுவாங்க. அவங்களை எவன் கேப்பான்? நம்மள கேப்பான்," என்றார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மேடம் வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்து எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். "பொண்ணப் பெத்தவனுங்க நான்," என்று கையெடுத்துக் கும்பிட்டார் அப்பா. வேன் ஜன்னலில் எல்லா முகங்களும் தெரிந்தன. அவள் முகம் மட்டும் தெரியவில்லை.

ஜெயித்தார்கள். என் இடத்தில் நின்று அவள்தான் கோல் அடித்தாளாம்.

திங்கட்கிழமை கல்லூரியில் கோப்பையை எல்லாரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவளைத் தண்ணித் தொட்டிப் பக்கம் கூட்டிப் போய்க் கேட்டேன். பொய் சொல்வாள், நான் நம்பிவிடலாம் என்று உள்ளுக்குள் ஆசை இருந்தது.

அவள் பொய் சொல்லவில்லை. "ஒரே ஒரு எடம்டி. நீ வந்திருந்தா உன்னைத்தான் எடுத்திருப்பாங்க," என்று அழுதாள்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் நானே அவள் கண்ணைத் துடைத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. வகுப்புக்குப் போய்விட்டேன்.

அவளை யுனிவர்சிட்டி அணியில் எடுத்தார்கள். அடுத்த வருஷம் மேடம் விடாமல் நடந்து பேசி, அப்பா என்னை ஆட விட்டார், முழுக்கால் பேன்ட்டோடு. பந்து என் காலுக்கு வந்தது. கோலும் அடித்தேன். அவளோடு மட்டும் பேசவில்லை. பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தேன். படிப்பு முடிந்ததும் அவளுக்கு விளையாட்டுக் கோட்டாவில் வெளியூரில் போலீஸ் வேலை கிடைத்தது.

அவளோடு பேசாத காரணத்தை அப்பாவிடம் கடைசி வரை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் அடுத்த நாள் அதே வயலுக்குத்தானே போயாக வேண்டும். அவள் ஊருக்கு வரும்போதெல்லாம், "நல்ல மனசுக்காரப் பாப்பா, உன்னைக் கேட்டுது," என்று வந்து சொல்வார். நான் சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றுவேன்.