முதலையின் பலூன்

இன்று ஸ்டுடியோவில் இங்க் பாட்டிலைத் திறந்ததும், எங்கள் தீவின் பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்கு எதிரே இருந்த, இப்போது இடிக்கப்பட்டுவிட்ட மாடியறையின் வாசனை மூக்கில் ஏறியது. அங்கே சித்தியும் அவளுடைய பெங்காலித் தோழி மிதாலி ஆன்ட்டியும் சேர்ந்து காமிக்ஸ் வரைவார்கள். தமிழிலும் வங்காள மொழியிலும் பிறகு எழுதிக்கொள்ளலாமென்று பேச்சு பலூன்களைக் காலியாக விட்டு, உப்புக்காற்றில் காயாத பக்கங்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள்.

ஒரு மாலை, மறுநாள் மெயின்லேண்ட் கப்பலில் அச்சுக்குப் போகவேண்டிய பக்கத்தில், கடைசிக் கட்டம் மட்டும் பாக்கியிருக்க, ஆறு வயதுக்காரி நான் முதலையின் பலூனில் "எனக்குப் பயமா இருக்கு" என்று மையால் எழுதிவிட்டேன். அழிக்க முடியாது.

"அடிப்பாவி!" என்ற சித்தி, நான் எழுதியதைத் தோழிக்கு இந்தியில் சொன்னாள். மிதாலி ஆன்ட்டி, "அச்சா ஹை, ரஹ்னே தோ" என்று, நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்பதாகச் சிரித்து, கடைசிக் கட்டத்தில் பாய்ந்து வரவேண்டிய முதலையை அலையாத்தி மரத்துக்குப் பின்னால் ஒளித்து வரைந்தார். முதலைக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது.