நான்கு பக்கப் படிவம்

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஈப்போவில் வகுப்பு. தொடர்பியல் இளங்கலை, பகுதி நேரம், கடைசி செமஸ்டர். வாரத்தின் ஆறு நாளும் கிடங்கு ஒன்றில் வரும் பெட்டிகளைக் கணினியில் பதிந்துவிட்டு, ஏழாம் நாள் வகுப்பில் போய் உட்காருவேன். அதற்கு முன் பதினெட்டு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் நிருபர். நாளிதழ் ஈப்போ அலுவலகத்தை மூடியது. தனியார் கல்லூரி ஒன்று செய்தி எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலை தருவதாகச் சொன்னது. ஆண்டு முடிவதற்குள் பட்டம் வந்தால் அந்த இடம் எனக்கு, வராவிட்டால் வேறொருவருக்கு.

விரிவுரையாளர் வெண்பலகையில் அனுப்புபவர், செய்தி, வழி, பெறுபவர் என்று எழுதி இடையே அம்புகள் போடுவார். பதினெட்டு ஆண்டுகள் நான் செய்த வேலைக்கு இப்படி ஒரு படம் இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. தூக்கம்தான் வந்தது.

இறுதித் திட்டம், ஒரு சமூகத்தில் செய்தி எப்படிப் பரவுகிறது என்று காட்டும் பத்து நிமிடக் காணொளி. என்னோடு சேர்த்துவிடப்பட்டவள் லகாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் இருபத்திரண்டு வயதுப் பெண்.

"அண்ணே, கேமரா நான் பாத்துக்கிறேன். பேட்டி உங்க வேலை. மார்க் தனித்தனியாத்தான் போடுவாங்களாம், இருந்தாலும் என்னைக் கவுத்துடாதீங்கலா."

நான் பெரட்டைத் தேர்ந்தெடுத்தேன். ரப்பர்த் தோட்டங்களில் விடியும் முன்னே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது பெரட்டு. எந்த அறிவிப்பானாலும் தோட்டத்துக் கணக்கரான கிராணி அங்கேதான் வாசிப்பார். விசாரித்ததில் பீடோர் பக்கம் ஓர் அக்கா கிடைத்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தோட்டம் இப்போது செம்பனை. அவர் கொய்யாப் பழங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போடும் வேலைக்குப் போகிறார்.

வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் பேசினார். நிறுத்தி, யோசித்து, தேதி தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லிப் பேசினார். நிருபர்களுக்கு இப்படி ஆள் அமைவது அபூர்வம்.

"கடைசி பெரட்டு அது. கிராணி டார்ச் லைட்டப் பிடிச்சிக்கிட்டு ஒரு போராங்க, அதான் படிவத்த, நீட்டினாரு. மலாய்லே இருக்கு. என்னாங்க கிராணி இதுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லே, சும்மா ஒரு கையெழுத்துதான், நேரமாச்சி போடுன்னாரு. போட்டேன். வீட்டக் காலி பண்ணிக்கிறோம்னு நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரியாம் அது. மூணு மாசம் கழிச்சி எங்க லயத்து வீடுங்களுக்கு லாரி வந்தப்பதான் தெரியும்."

கேமராவை அணைத்தோம். அவர் பால் இல்லாத கோப்பி ஓ கலக்கிக்கொண்டு வந்தார். அப்போதுதான் பைக்குள் இருந்த ஒப்புதல் படிவம் நினைவுக்கு வந்தது. நான்கு பக்கம், மலாயும் ஆங்கிலமும். பதிவுக்கு முன்பே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. பத்திரிகையில் எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. குறிப்பேட்டைத் திறந்ததும் எதிரே இருப்பவர் பேசினால் அதுவே சம்மதம். படிவத்தையும் பேனாவையும் நீட்டினேன்.

"என்னா தம்பி இது?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா ஒரு கையெழுத்துதான்."

சொல்லி முடித்ததும் எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். பேனாவை எடுத்து மூடியைப் போட்டு என் பக்கம் வைத்தார்.

"கோப்பி குடிங்க. கையெழுத்தெல்லாம் வேணாம். அதான் பேசிட்டேனே."

திரும்பும் வழியில், சிம்பாங் பூலாய் சந்தியில், கேமரன் மலையிலிருந்து இறங்கிய வண்டிகளுக்கு நடுவே நின்றபோது அந்தப் பெண் கேட்டாள்.

"இவ்ளோ வருஷம் பேப்பர்லே இருந்தீங்க. இதான் கேக்கத் தெரிஞ்சதா?"

"ம்."

"பேசாம அக்கா கையெழுத்து எடத்துலே நானே ஒரு கோடு இழுத்துடறேன்லா. யாருக்குத் தெரியும்?"

"வேணாம்."

விரிவுரையாளருக்கு எழுதிக் கேட்டேன். படிக்கத் தெரியாதவர் என்று படிவத்தில் குறித்தால், வாயால் சொல்லும் சம்மதத்தைப் பதிவு செய்தாலே போதும் என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை கெடு. புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து மறுபடி பீடோருக்குப் போனேன். அவர் கொய்யாத் தோட்டத்துக் கொட்டகையில் உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து வேணாங்கா. படிக்கத் தெரியாதுன்னு ஒரு கட்டத்துலே டிக் போடணும், அவ்வளவுதான். நீங்க சரின்னு வாயாலே சொன்னா போதும்."

"யாருக்குப் படிக்கத் தெரியாது?"

"போராங்குலே மட்டுந்தாங்கா."

"ஆறாவது வரைக்கும் தமிழ்ப் பள்ளியிலே படிச்சவ நான். உங்க பேப்பரையே காசு கொடுத்து வாங்கிப் படிச்சிருக்கேன்." கையில் இருந்த உறையை உதறினார். "கிராணி நீட்டின போராங்குலேயும் நான் சொல்லாததத்தான் எழுதியிருந்தாங்க. பசியாறிட்டீங்களா?"

ஆறு கொய்யாப் பழங்களோடு திரும்பினேன். டிக் போடவில்லை. அந்த அக்காவின் முகத்தையும் குரலையும் வெட்டி எடுத்துவிட்டு, செம்பனை மரங்கள், சிமெண்டுத் தரை மட்டும் மிஞ்சிய பெரட்டுக் களம், என் விவரிப்பு என்று ஏழு நிமிடத்தில் ஒன்றைக் கொடுத்தோம். ஒளிப்பதிவுக்கு அவள் தேறினாள். பேட்டி இல்லாததால் நான் தேறவில்லை. அந்தப் பாடத்தை மட்டும் அடுத்த செமஸ்டரில் மீண்டும் எடுக்க வேண்டும். கல்லூரி வேலை வேறொருவருக்குப் போனது. அவர்கள் நல்ல முறையில்தான் தெரிவித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, நான் கிடங்கில் இருந்தபோது அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் படத்த எப்பலா போடுவீங்க? வேலை செய்யிற எடத்துலே எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

தன் பேச்சைக் காட்ட வேண்டாம் என்று அவர் சொன்னதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையெழுத்து இல்லாமல் போட முடியாது, நான் தேறவில்லை, மறுபடி படிக்கிறேன் என்று சொன்னேன். கிடங்கில் என் பின்னால் யாரோ மலாயில் லாரியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

"ஒரு கையெழுத்துக்கா பெயிலாக்கிட்டாங்க?"

"ஆமாங்கா."

"மொதல்லயே அதத் தமிழ்லே எழுதிக் கொண்டாந்திருக்கலாமே. படிச்சிப் பாத்துட்டுப் போடறதா வேணாமான்னு சொல்லியிருப்பேன்."

"இப்ப எழுதிக் கொண்டாறேங்கா."

"கொண்டாங்க. போடுவேன்னு சொல்லலே. படிக்கிறேன்னு சொல்றேன்."

வேலை முடிந்து வந்து தினமும் கொஞ்சம் மொழிபெயர்க்கிறேன். படிவத்தின் வாக்கியங்கள் நீளமானவை. யார் யாருக்கு என்ன செய்யலாம் என்பது ஒவ்வொன்றிலும் கடைசியில்தான் வருகிறது. மூன்றாம் பக்கத்தில், பதிவை யாரெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்ற பகுதியில் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வகுப்பு.