மருமகள் எழுதிய என் வீடு

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பாறசாலைச் சந்தையில் சுமை தூக்கி, பிறகு பக்கத்து ஊரான கொல்லயிலில் சொந்தமாக ஹாலோ பிரிக்ஸ் கம்பெனி போட்டேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகள் என் கல்லில்தான் நிற்கின்றன. என் வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ரோட்டுப் பக்கம் முழுக்க ஜன்னல். நெய்யாற்றின்கரை பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். பின்பக்கம் பஸ் போகாது, அங்கே ஜன்னல் எதற்கு? சமையலறைக்குப் புகை போக ஒரு ஃபேன் வைத்தேன். அப்படிப்பட்ட வீட்டை என் மருமகள் நாவலில் இருட்டு வீடாக்கிவிட்டாள்.

அவளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. போகவர ரயிலில் உட்கார்ந்து ஃபோனில் நாவல் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறையில் என் மனைவி மரச்சீனிக் கிழங்கு உரிக்க, அவள் வாசித்துக் காட்டுவாள். நான் சாப்பாட்டு மேசையில் பேப்பர் பார்ப்பதுபோல் கேட்பேன்.

நாவலில் கல்யாணமாகி வந்த ஒரு பெண். பெரிய வீடு. அவள் நிற்கிற சமையலறையில் பகலிலும் விளக்கு எரிகிறது. வெளியே ஓயாத மழை. எனக்கு விளங்கிவிட்டது.

“இது எனக்க வீடாக்கும்,” என்றேன். “வெயிலு மண்டையப் பொளக்குது. நீ எங்க உள்ள மழைய எழுதுத?”

“வெளிய வெயிலுதான் மாமா. அவளுக்க மனசிலயாக்கும் மழை.”

“இத்தாலி மார்பிள் போட்டிருக்கேன். அத எழுதினியா?”

“அவ அதப் பாக்கல்ல மாமா. துடைக்க மட்டுந்தான் செய்தா.”

என் மனைவி சிரித்துவிட்டாள். மார்பிளை எழுதாத நாவல் இந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மருமகள் ஃபோனை மூடினாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் வாசிப்பு இல்லை. ரயிலிலும் எழுதுவதில்லை, தூங்கித்தான் வருகிறாளாம்.

“எழுத்து நின்னாச்சு. இனி நம்மகிட்ட பேச்சும் நிக்கும், பாத்துக்கிடுங்க,” என்றாள் மனைவி. எனக்கோ அந்த நாவல் பெண் என்ன ஆனாள் என்று தெரிந்தாக வேண்டும்.

யாரும் இல்லாத ஒரு மத்தியானம் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். விளக்கை அணைத்துப் பார்த்தேன். தேங்காய்த் துருவிகூடத் தெரியவில்லை. இந்த வீட்டை நான் எப்போதும் ரோட்டில் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

மறுநாளே கொத்தனாரை வரச் சொன்னேன். சமையலறையின் பின்சுவரில் இரண்டு அடி அடித்துப் பார்த்துவிட்டு அவன், “முதலாளி, இது ஜெயிலுக்குக் கெட்டின செவரா?” என்றான்.

“எனக்க கல்லாக்கும் எலே. லேசில உடையாது.”

அவன் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஜன்னல் பொருத்திய அன்று சாயங்காலம் மருமகள் வந்து சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். வெளியே பலாமரம். அதற்கப்பால் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அம்மாள், “மோளே, வந்நோ?” என்று கேட்டாள். மருமகள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் அவளோடு மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன் திறந்தது. நான் பேப்பரை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய் உட்கார்ந்தேன். நாவலில் இன்னும் மழை, இன்னும் இருட்டு.

“மக்கா, ஜன்னல்தான் வச்சாச்சே. பின்ன ஏன் அவ இருட்டுல நிக்கா?”

“இந்த வீட்டுக்குத்தானே மாமா வச்சிய. அவளுக்க மாமனாரு இன்னும் அடுக்களையில வந்து இருக்கல்லியே.”

“எப்ப வருவாரு?”

“வருவாரு. அவருக்கு வீம்பு கொஞ்சம் கூடுதலாக்கும்.”

“சீக்கிரம் வரச் சொல்லு,” என்றேன். “கொத்தனாருக்க நம்பர் நான் தாறேன்.”