நான் தடுத்த அடி

எங்கள் குடும்பத்தில் ஒரு வீரன் உண்டு. அது நான்தான். நம்பாவிட்டால் நீதிமன்றப் பதிவைப் பாருங்கள். மலாய் மொழியில் தட்டச்சு செய்து முத்திரையும் குத்தி வைத்திருக்கிறார்கள்.

குருபோங்கில் தாத்தா விட்டுப்போன நிலத்தில் சித்தப்பா கோழிக் கொட்டகைக்கு வேலி போட்டார். வேலி எங்கள் பங்கில் இரண்டடி உள்ளே வந்துவிட்டது என்றான் அண்ணன். பேச்சு முற்றி, கையில் அகப்பட்ட வேலிக்கட்டையால் ஒரே அடி அடித்துவிட்டான். மறுநாள் ஆஸ்பத்திரியில் சித்தப்பா இறந்துபோனார். சின்ன வயதில் என்னை சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட மனிதர். அந்த அடி விழுந்தபோது நான் என் வேனுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். எண்பத்தைந்து கிலோ உடம்பை அவ்வளவு சின்னதாக மடக்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பத்து பெரண்டாமில் இருந்த எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"நீ அங்கதான இருந்த? என்னா செஞ்ச?"

முதலில் கேட்டவரிடம், "தடுக்கப் போனேன் மாமா" என்றேன். கருமாதிக்குள் அது, "கையப் புடிச்சேன், உதறிட்டு அடிச்சிட்டான்" என்று வளர்ந்துவிட்டது. ஊரே கேட்ட கதையைப் போலீசிடம் மாற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. நீதிமன்றத்திலும் சத்தியம் செய்துவிட்டு, பின்வரிசையில் இருந்த என் பிள்ளைகள் கேட்க, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே சொன்னேன். நேரில் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். அண்ணன் வாயே திறக்கவில்லை. பதினைந்து வருடச் சிறை கிடைத்தது.

மேல்முறையீட்டில் சாட்சியை மறுபடி கூப்பிட மாட்டார்கள், பதிவில் உள்ளதை வைத்தே பேசுவார்கள் என்றார் எங்கள் வக்கீல். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அவர் ஆபீசுக்குப் போனேன். மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கும் புத்ராஜெயாவில் கார் எங்கே நிறுத்தலாம் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

விசாரணையன்று அரசுத் தரப்பு வக்கீல் என் வாக்கியத்தை இரண்டு முறை படித்தார். தம்பி வந்து தன் கையைப் பிடித்த பிறகும் உதறிவிட்டு அடித்தவர், ஏதோ ஆத்திரத்தில் கை நீண்டுவிட்டது என்று சொல்ல முடியாது என்றார். எழுந்து கத்த வேண்டும் என்று தோன்றியது. வழக்கம்போல உட்கார்ந்தே இருந்தேன். மேல்முறையீடு தள்ளுபடியானது.

விலங்கு மாட்டிக் கூட்டிப்போகும்போது அண்ணன் பக்கத்தில் ஓடினேன்.

"அண்ணே, நான் உன் கையப் புடிக்கவே இல்லண்ணே."

"தெரியும்டா. வேன் பின்னாடி உன் தல தெரிஞ்சிச்சிலா" என்றான். "உன் புள்ளைங்க முன்னால உன்ன பயந்தாங்கொள்ளின்னு சொல்ல எனக்கு மனசு வரல."