ரிங்லெட் மலையில் ராஜாத்தியைப் புதைத்ததும் தோண்டியதும்

ஐரோப்பாவில் ஓநாய்கள் மறுபடி காடுகளுக்கு வந்துவிட்டன, ஆட்டுக்காரர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள் என்று போன வாரம் ஒரு செய்தி படித்தேன். கீழே கருத்து எழுதியவர்களில் பாதிப்பேர் ஓநாய்க்கு வக்கீல், மீதிப்பேர் ஆட்டுக்கு வக்கீல். எனக்கு என் அக்கா ஞாபகம் வந்துவிட்டது. கேமரன் மலைக்குப் போகிறோம், விவரம் எழுதுங்கள் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இது 1982 ஆகஸ்டில் நான் போன மூன்று நாள் பயணம்.

அப்போது எனக்கு ஈப்போவில் ஓர் அச்சகத்தில் வேலை. அக்காவும் அத்தானும் கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். ராஜாத்தி, அதன் மகள் செவலை என்று இரண்டு பசுக்கள். “செவலை கன்று போடப் போகிறாள், சீம்பால் சாப்பிட வா” என்று அக்கா கடிதம் எழுதியிருந்தாள். சீம்பாலுக்காக மலையேறுகிற ஆள் நான்.

காலை ஏழு மணிக்கு ஈப்போவில் பஸ் ஏறி எட்டரைக்குத் தாப்பா. அங்கிருந்து ரிங்லெட் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. டிக்கெட் இரண்டு வெள்ளி நாற்பது காசு. வளைவுகளை எண்ண ஆரம்பித்து, வயிறு புரண்டதும் விட்டுவிட்டேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள், காட்சிக்காகச் சொல்லவில்லை. ரிங்லெட்டில் தோட்டத்து லோரி நின்றது. இன்னும் நாலு மைல். டிரைவர் என்னை முன்னால் ஏற்றிக்கொண்டார்.

“உங்க அக்கா மாட்ட புலி அடிச்சிருச்சி தம்பி. காலையிலதான் பார்த்தாங்க. நீங்க வந்தது நல்லதாப் போச்சிலா.”

அந்த மலையில் அதற்குமுன் பல வருஷமாகப் புலி வந்ததில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு மேயப்போன ராஜாத்தி, காட்டை ஒட்டிய கடைசித் தேயிலை வரிசையில் கிடந்தாள். பின்தொடையில் கொஞ்சம் தின்றிருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சாக்கால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அதுவரை அழாதவள் என்னைப் பார்த்ததும் அழுதாள்.

நான் உடனே பெரிய மனிதன் ஆகிவிட்டேன். வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தவளை இப்படிப் போட்டுவிட்டுப் போவதா என்று குதித்தேன். ஆறு பேர் கயிறு கட்டி இழுத்து, தொழுவத்துக்குக் கீழே ஐந்தடிக் குழி வெட்டினோம். மஞ்சள், குங்குமம், புதுத்துணி, சாமந்தி மாலை, எதிலும் குறை வைக்கவில்லை. மூன்று மணிக்கெல்லாம் முடிந்தது.

மறுநாள் காலை பார்த்தால் குழியின் மேல்மண் கிளறிக் கிடந்தது. சுற்றிலும் பெரிய கால்தடங்கள், ஊடே சின்னச் சின்னத் தடங்கள். தொழுவம் அங்கிருந்து முப்பது அடி. நிறைமாதமாக இருந்த செவலை புல்லைத் தொடாமல் நடுங்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு மாடு போனால் துப்பாக்கிக்காரர்களை வரவழைப்பேன் என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லிவிட்டதாக அத்தான் சொன்னார்.

மதியம் வனவிலங்கு இலாகாவிலிருந்து யூசோப் என்பவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். தடங்களைச் சாண் வைத்து அளந்தார். யார் புதைத்தது என்று மலாயில் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் திட்டவில்லை, எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. “தாய்ப்புலி. இரண்டு குட்டிகள். தன் சாப்பாட்டைத் தேடி வந்திருக்கிறது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தால் தின்று முடித்துவிட்டுப் போய்விடும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் தொழுவத்துக்கு வரும். மாடு உங்களுடையது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றார்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். “நீ சொல்றதுதான்.”

அக்கா செவலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, “தோண்டுங்க” என்றாள்.

மண்ணை எடுத்ததும் அவளே குழியில் இறங்கி மாலையை எடுத்தாள், துணியை உருவினாள், கழுத்துக் கயிற்றையும் அறுத்தாள். கயிறாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன் நான். “இருக்கக் கூடாது தம்பி. குட்டிங்க தொண்டையில சிக்கிக்கும்.” மேலே இழுத்து, பழைய இடத்தில் கிடத்திய பிறகும் விடவில்லை. இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ராஜாத்தியைக் குளிப்பாட்டினாள். “மண்ணோட எப்படித் திங்கும்?” என்றாள். தண்ணீர் ஊற்றிய என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு பெரிய மனசு எனக்கு வராது என்று அப்போதே தெரிந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் லீவு முடிந்து, சீம்பால் சாப்பிடாமலே பஸ் ஏறினேன். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. செவலைக்குக் காளைக்கன்று. புலி திரும்ப வரவில்லை, துப்பாக்கியும் வரவில்லை.

நீங்கள் போவதானால், தாப்பா பாதையில் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், முட்ட முட்டச் சாப்பிட்டும் ஏறாதீர்கள். சட்டைமேல் ஒரு கம்பளிச்சட்டை போதும். ஸ்ட்ராபெரிக்குக் கியா பார்ம் சந்தைக்குப் போங்கள், ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். காட்டோரம் நடக்க ஆசைப்பட்டால் உள்ளூர் ஆள் ஒருவரோடு போங்கள். பாதி தின்ற மிருகம் எதையாவது கண்டால் தொடாதீர்கள், வந்த வழியே திரும்பி வந்து சொல்லுங்கள். முக்கியமாக, என்னைப்போல் பெரிய மனிதன் ஆகிவிடாதீர்கள்.

அடுத்த வருஷம் போனபோது அக்காவிடம் கேட்டேன், அந்தப் புலிமேல் கோபம் இல்லையா என்று.

“கோவம் இல்லாமயா? ராஜாத்திய நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது” என்றாள். கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டு, காட்டுப் பக்கம் பார்த்தாள். “அந்தக் குட்டிங்க ரெண்டும் இந்நேரம் நல்லா வளந்திருக்கும்லா, தம்பி?”